இலையும் காயும்: ஏற்றுமதி ஆவணங்களை நாம் வாசிக்கிறோமா?

தமிழில் ஏற்றுமதி பற்றி வருகிற கையேடுகள், பயிற்சி வகுப்புக் குறிப்புகள், காணொளிகள் எல்லாவற்றுக்கும் கிட்டத்தட்ட ஒரே அமைப்புதான். முதலில் 'நீங்களும் ஏற்றுமதியாளர் ஆகலாம்' என்று ஊக்கம். அடுத்து ஐ.இ.சி. எண் வாங்குவது எப்படி. அப்புறம் எந்த நாட்டுக்கு என்ன அனுப்பலாம், வெளிநாட்டில் ஆள் பிடிப்பது எப்படி. கடைசிக்குப் பக்கத்தில் எங்கேயோ 'தேவையான ஆவணங்கள்' என்று ஒரு பட்டியல். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், ஷிப்பிங் பில், பில் ஆஃப் லேடிங், சர்ட்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் என்று வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம். அதோடு முடிந்தது.

கடந்த சில மாதங்களில் இப்படி ஏழெட்டைச் சேர்த்து வைத்து வாசித்தேன். என் வழக்கமான வாசிப்பு இது இல்லை. ஒரு அண்ணாச்சிக்காக வாசிக்கத் தொடங்கினேன். வாசித்து முடித்தபோது சொல்வதற்கு ஒரு குறை இருந்தது. இந்தக் கையேடுகள் ஆவணங்களைச் சேகரிக்கச் சொல்கின்றன, வாசிக்கச் சொல்லவில்லை. ரேஷன் கார்டு நகல், ஆதார் நகல், இரண்டு போட்டோ என்று தாலுகா ஆபீசுக்குக் கொண்டு போகிற மாதிரி ஒரு கட்டுத் தாள். கட்டு முழுசாக இருந்தால் வேலை முடியும் என்கிற நம்பிக்கை. ஆனால் ஒவ்வொரு தாளும் ஒரு வாக்குமூலம். யார் சொல்கிறார், யாரிடம் சொல்கிறார், எதைச் சொல்லாமல் விடுகிறார் என்று பார்க்காவிட்டால் அந்தக் கட்டு நம்மையே திருப்பி அடிக்கும். அண்ணாச்சியை அடித்தது.

நடந்தது

சங்கரன்கோவில்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வெளியூர் வாசகர்களுக்காக: ஊருக்குக் கிழக்கே திருவேங்கடம், குருவிகுளம் பக்கம் போனால் கரிசல் காடு. அப்படியே கோவில்பட்டி, விளாத்திகுளம் வரை அதே மண்தான். அந்த மானாவாரி நிலத்தில் விளைகிற பயிர்களில் ஒன்று அவுரி. மலமிளக்கி மருந்துக்குப் போகிற இலை. மருந்துச் சந்தையில் இதன் பெயர் 'டின்னவெல்லி சென்னா'. ஐரோப்பிய மருந்து நூல்களில் சென்னா என்றால் அலெக்சாண்ட்ரியா ஒன்று, டின்னவெல்லி ஒன்று. நம்மூர் 2019 நவம்பரில் தென்காசி மாவட்டத்துக்குப் போய்விட்டது. திருநெல்வேலியை டின்னவெல்லி என்று சொல்ல இன்று யாரும் இல்லை. இலைக்கு மட்டும் வெள்ளைக்காரன் காலத்து எழுத்துக்கூட்டல் அப்படியே நிற்கிறது. அதை மாற்றவும் முடியாது, விலையே அந்தப் பெயருக்குத்தான்.

அண்ணாச்சி பல வருஷமாக இந்த இலையை வாங்கிக் காயவைத்து, சலித்து, தூத்துக்குடியில் பெரிய வியாபாரிகளுக்குக் கொடுத்து வந்தவர். மகன் படித்து வந்த பிறகு 'நாமளே நேரா அனுப்பினா என்னப்பா' என்று ஆரம்பித்தான். ஐ.இ.சி. வாங்கினார்கள். ஜெர்மனியில் ஒரு வாங்குநர் கிடைத்தார். வங்கி வழியாக எல்.சி. வந்தது. சரக்கு போய்ச் சேர்ந்தால் பணம் வரும் என்பது அண்ணாச்சி புரிந்துகொண்டது. எல்.சி. சொன்னது வேறு: குறிப்பிட்ட ஆவணங்கள், குறிப்பிட்ட வாசகத்தில் வந்தால் பணம் தரப்படும்.

சரக்கு முழுக்க இலை. எல்.சி.யில் இருந்த வாசகமும் 'டின்னவெல்லி சென்னா இலை'. ஆனால் இன்வாய்ஸில் 'சென்னா இலைகளும் காய்களும்' என்று இருந்தது. அந்தக் காய் எப்படி வந்தது என்றால், மகன் கையில் வைத்திருந்த கையேட்டில் 'பொருளின் பெயரை எச்.எஸ். பட்டியலில் உள்ளபடி எழுதவும்' என்று ஒரு அறிவுரை. மருந்துச் செடிகளுக்கான தலைப்பு 1211. அதன் கீழே நம் நாட்டுச் சுங்கப் பட்டியலில் சென்னாவுக்கு என்று ஒரு எட்டு இலக்க எண் உண்டு. அதற்கு எதிரே இலைகளும் காய்களும் சேர்த்துத்தான் போட்டிருக்கும். பையன் அதை எடுத்து அப்படியே ஒட்டிவிட்டான்.

கப்பலில் ஏறிய தேதியிலிருந்து 21 நாளுக்குள் ஆவணங்களை வங்கியில் கொடுக்க வேண்டும் என்பது பொது விதி. ஒவ்வொரு தாளாகச் சேர்ந்து வர, இவர்கள் கொடுத்தது 19-ஆம் நாள். வாங்கிப் பார்க்க வங்கிக்கு ஐந்து வேலை நாள் உண்டு. 'பொருள் விவரம் பொருந்தவில்லை' என்று செய்தி வந்தபோது திருத்திக் கொடுக்கிற கெடு தாண்டிவிட்டது. குறையைப் பொறுத்து ஏற்றுக்கொள்ள வாங்குநருக்கு உரிமை உண்டு. அவர் ஏற்கத் தயார், விலையைக் குறைத்தால்.

அண்ணாச்சி தாள்களைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார்.

"தம்பி, சரக்குல ஒரு குத்தமும் சொல்லலியே அவம். தாள்லதான குத்தம் சொல்லுதான். நான் இலைதான அனுப்பினேன். காய் எங்க இருந்து வந்துச்சி?"

"இன்வாய்ஸ்ல இருந்து வந்திருக்கு அண்ணாச்சி."

"வேணும்னா பேலைப் பிரிச்சுப் பாக்கச் சொல்லுங்க. ஒரு காய் இருந்தா எங் காதை அறுத்துக்கிடுதேன்."

அதைத்தான் யாரும் செய்ய மாட்டார்கள் என்று அவருக்கு எப்படிச் சொல்ல?

வங்கி பேலைப் பிரிக்காது

எல்.சி. உலகத்துக்கு ஒரு சட்டப் புத்தகம் உண்டு. பாரிசில் இருக்கிற சர்வதேச வணிகச் சபை வெளியிடுகிற விதித்தொகுப்பு. முதல் வடிவம் 1933-ல் வந்தது. இப்போது நடப்பில் இருப்பது 2007 ஜூலை 1 முதல் அமலான யு.சி.பி. 600. அதன் ஐந்தாவது பிரிவு ஒரே ஒரு வாக்கியம். வங்கிகள் கையாள்வது ஆவணங்களை, அந்த ஆவணங்கள் பேசுகிற சரக்கை அல்ல என்பது அதன் சாரம். 18-ஆவது பிரிவு இன்வாய்ஸில் உள்ள பொருள் விவரம் எல்.சி.யில் உள்ள விவரத்தோடு ஒத்திருக்க வேண்டும் என்கிறது. மற்ற ஆவணங்களில் பொதுவான பெயர் இருந்தால் போதும், முரண்படாமல் இருந்தால் சரி. இன்வாய்ஸுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

நான் வாசித்த கையேடுகளில் யு.சி.பி. என்ற பெயரைச் சொன்னவை இரண்டு. இந்த இரண்டு பிரிவுகளையும் விளக்கியது ஒன்றுகூட இல்லை. 'எல்.சி. மிகவும் பாதுகாப்பானது' என்று மட்டும் எல்லாவற்றிலும் இருக்கிறது. பாதுகாப்பானதுதான், வாசிக்கத் தெரிந்தவருக்கு.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுங்கப் பட்டியலில் இருக்கிற வாசகம் ஒரு பெட்டியின் பெயர். இலையோ காயோ, எது வந்தாலும் அந்தப் பெட்டிக்குள் போடலாம் என்பதற்காக எழுதப்பட்டது. இன்வாய்ஸில் இருக்க வேண்டியது பெட்டிக்குள் இருக்கிற பொருளின் பெயர். 'இலைகளும் காய்களும்' என்பதைச் சுங்க அதிகாரி வாசித்தால் ஒரு வகைப்பாடு. வங்கி அலுவலர் வாசித்தால் இரண்டு பொருள். அதே சொற்கள்தான், வாசகர் மாறினால் அர்த்தம் மாறிவிடுகிறது. இலக்கியத்தில் இதைப் பற்றி நாம் பக்கம் பக்கமாக எழுதுகிறோம். இங்கே இது ஒரு கன்டெய்னர் விலை.

கையேடு எழுதியவர் பொய் சொல்லவில்லை. எச்.எஸ். எண்ணைச் சரியாகப் போடச் சொன்னது நியாயம்தான். ஆனால் எந்தத் தாளில், யாருக்காக என்று சொல்லவில்லை. எல்லாத் தாளும் ஒரே 'அரசாங்கத்துக்கு'ப் போகிறது என்கிற நினைப்பில் எழுதியிருக்கிறார். நம் ஊர்ப் பழக்கம் அது. தாள் என்றாலே ஆபீசில் கொடுப்பது.

மூன்றே மூன்று ஆவணம்?

அதே நினைப்பில் இருந்து வருகிற இன்னொரு வாசகம்: 'ஏற்றுமதிக்கு மூன்றே மூன்று ஆவணங்கள் போதும்.' பல காணொளிகளின் தலைப்பே இதுதான்.

இது பொய்யில்லை. 2015 மார்ச்சில் வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகம் கட்டாய ஆவணங்களை மூன்றாகக் குறைத்தது. ஏற்றுமதிக்கு பில் ஆஃப் லேடிங் அல்லது விமானம், ரயில், லாரிக்கான அதே மாதிரி ரசீது, பேக்கிங் லிஸ்ட்டோடு சேர்ந்த இன்வாய்ஸ், ஷிப்பிங் பில். இறக்குமதிக்கும் மூன்று. அங்கே ஷிப்பிங் பில்லுக்குப் பதில் பில் ஆஃப் என்ட்ரி. நல்ல சீர்திருத்தம். யாரும் மறுக்க வேண்டியதில்லை.

ஆனால் மூன்று என்பது நம் அரசு கேட்கிற எண்ணிக்கை. பணம் வருவதற்கு வேண்டிய எண்ணிக்கை அது இல்லை. அண்ணாச்சிக்கு வந்த எல்.சி.யில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் போக, தாவர நலச் சான்று, புகையூட்டல் சான்று, பிறப்பிடச் சான்று, இலையில் சென்னோசைடு எத்தனை சதவீதம் என்று ஆய்வகம் சொல்கிற பகுப்பாய்வுச் சான்று எல்லாம் கேட்டிருந்தார்கள். சுங்கத்துக்கு வேண்டிய ஷிப்பிங் பில்லை மட்டும் வாங்குநரும் வங்கியும் கேட்கவேயில்லை. அதாவது ஒரே கட்டில் நான்கு பேர் உட்கார்ந்திருக்கிறார்கள். நம் அரசு, அந்த நாட்டு அரசு, கப்பல்காரர், வாங்குநரின் வங்கி. ஒருவருக்கு வேண்டியது இன்னொருவருக்கு வேண்டாம்.

கையேடுகளுக்கு நியாயம் செய்யணும்னா இதையும் சொல்லணும். ஐ.இ.சி. பற்றி அவை எழுதியிருப்பது பெரும்பாலும் சரி. கட்டணம் 500 ரூபாய், எண் என்பது இப்போது பான் எண்ணேதான், ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் விவரங்களை இணையத்தில் உறுதி செய்யணும் என்பது வரை தெளிவாக இருக்கிறது. எஃப்.ஓ.பி., சி.ஐ.எஃப். விளக்கங்களும் பரவாயில்லை. இன்கோடெர்ம்ஸ் 2020-ன் 11 விதிகளையும் அட்டவணை போட்டு விளக்கியிருக்கிறார்கள். எண், கட்டணம், அட்டவணை என்று வந்தால் நன்றாகச் செய்கிறார்கள். வாக்கியம் என்று வந்தால் கைவிட்டு விடுகிறார்கள்.

கப்பல் ரசீது சொல்லாதது

பில் ஆஃப் லேடிங்கை, வியாபாரத்தில் சுருக்கமாக பி.எல்., எல்லாக் கையேடும் மூன்று வேலை செய்கிற தாள் என்கின்றன. சரக்கைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது, ஏற்றிச்செல்ல ஒப்பந்தம் உண்டு என்பதற்குச் சாட்சி, சரக்கின் மேல் உரிமைப் பத்திரம். சரி. ஆனால் அந்த ரசீது எதைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்கிறது?

அண்ணாச்சியின் பி.எல்.லில் பொருள் விவரத்துக்கு மேலே பொடி எழுத்தில் இரண்டு தொடர்கள். ஏற்றியதும் அடுக்கியதும் எண்ணியதும் அனுப்புநரே என்று ஒன்று. உள்ளே இருப்பதாக அனுப்புநர் சொல்வது இது என்று இன்னொன்று. கன்டெய்னரை அண்ணாச்சியின் ஆட்கள் நிரப்பி, முத்திரைப் பூட்டு போட்டு அனுப்பினார்கள். கப்பல் கம்பெனி உள்ளே பார்க்கவில்லை. பார்க்காததைப் பார்த்ததாக அவர்கள் எழுதுவதில்லை. பூட்டின பெட்டி ஒன்று வந்தது, வெளியே பார்க்க ஒழுங்காக இருந்தது, உள்ளே என்ன என்று அண்ணாச்சி சொல்கிறார். அவ்வளவுதான் அந்த ரசீது. 'கிளீன்' பி.எல். என்று பெருமையாகச் சொல்கிறோமே, அது சரக்கு சுத்தம் என்று அர்த்தமில்லை. வெளிப்பார்வைக்குத் தெரிந்த குறை எதையும் கப்பல்காரர் குறிக்கவில்லை என்று அர்த்தம்.

இந்தப் பொடி எழுத்து இருந்தாலும் வங்கி ஏற்க வேண்டும் என்று யு.சி.பி. 600-ன் 26-ஆவது பிரிவே சொல்கிறது. வேடிக்கை என்னவென்றால், கப்பல்காரர் 'எனக்குத் தெரியாது' என்று எழுதலாம், வங்கி அதைக் குறையாக எடுத்துக்கொள்ளாது. அண்ணாச்சி தனக்குத் தெரிந்ததைவிட ஒரு சொல் அதிகமாக எழுதிவிட்டார், அது குறை. யாருக்கு மௌனம் அனுமதி, யாருக்கு இல்லை என்பதை இந்தத் தாள்கள் முன்னாலேயே தீர்மானித்து வைத்திருக்கின்றன.

தூத்துக்குடி வழியாக அனுப்புகிறவர்களுக்கு இன்னொன்று. நம் துறைமுகத்தில் இருந்து போகிற கன்டெய்னர் நிறைய, ஃபீடர் கப்பலில் கொழும்பு போய் அங்கே பெரிய கப்பலுக்கு மாறுகிறது. 'பெற்றுக்கொள்ளப்பட்டது' என்பது ஒரு தேதி. 'கப்பலில் ஏறியது' என்பது இன்னொரு தேதி. வங்கி பார்ப்பது இரண்டாவதை. அண்ணாச்சிக்கு 21 நாள் கணக்கு எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதே தகராறு வந்த பிறகுதான் தெரியும். இவ்வளவுக்கும் அந்தத் தேதி அவர் கையில் இருந்த தாளிலேயே முத்திரை குத்தி இருந்தது.

இதுவரை நான் சொன்னதை வைத்து இந்தத் தாள்கள் சின்ன வியாபாரியை ஏமாற்றுவதற்கென்றே செய்யப்பட்டவை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. அண்ணாச்சியைக் காப்பாற்றியதும் அதே பி.எல்.தான். வங்கி மறுத்துவிட்டால், ஆவணங்கள் கொடுத்தவரின் சொல்லுக்குக் காத்திருக்க வேண்டும். மூன்று அசல் பி.எல்.லும் வாங்குநர் கைக்குப் போகவில்லை. அசல் இல்லாமல் கப்பல்காரர் சரக்கை விட மாட்டார். எனவே பேல்கள் ஜெர்மனித் துறைமுகத்தில் கிடந்தாலும் அவற்றின் பிடி இங்கே இருந்தது. துறைமுக வாடகை ஏற ஏற இரண்டு பக்கமும் வியர்த்தது. கடைசியில் வாங்குநர் முதலில் கேட்டதைவிடக் குறைந்த தள்ளுபடிக்கு இறங்கி வந்தார். 'லாபம் போச்சு, மொதல் தப்பிச்சிது' என்றார் அண்ணாச்சி.

ஒரு தாளைப் பின்பக்கம் கையெழுத்திட்டுக் கொடுத்தால், கடலில் மிதக்கிற சரக்கின் உரிமை கை மாறும் என்பது சாதாரண விஷயம் இல்லை. நம் நாட்டில் இதற்கான சட்டம் 1856-ல் வந்தது. மூன்றே பிரிவு. அது 169 வருஷம் நின்றது. 2025 ஜூலையில்தான் நாடாளுமன்றம் அதை நீக்கிவிட்டுப் புதிய பில்ஸ் ஆஃப் லேடிங் சட்டத்தை நிறைவேற்றியது. அடிப்படைக் கருத்து மாறவில்லை, மொழியைப் புதுப்பித்திருக்கிறார்கள். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் தாக்குப்பிடித்த ஒரு கருத்துக்கு நம் கையேடுகளில் இரண்டு வரி.

செடியின் பெயரைக் கேட்ட ஒரே தாள்

கட்டில் இருந்த தாள்களில் எனக்குப் பிடித்தது தாவர நலச் சான்று. வியாபாரிகள் 'ஃபைட்டோ' என்பார்கள். 1951-ல் உண்டான சர்வதேசத் தாவரப் பாதுகாப்பு உடன்படிக்கையின் கீழ், எல்லா நாட்டிலும் ஒரே மாதிரிப் படிவம். அந்தப் படிவம் ஒன்றுதான் செடியின் தாவரவியல் பெயரைத் தனியாகக் கேட்கிறது.

இது ஏன் முக்கியம் என்றால், 'அவுரி' என்கிற நம் பெயர் ஒரு பொறி. கரிசல் காட்டில் அவுரி என்றால் சென்னா. ஆனால் நாட்டு மருந்துக் கடையில், சித்த மருத்துவ நூல்களில், அவுரி என்றால் நீலி. நீலச் சாயம் எடுக்கிற செடி. தலைமுடிக்குப் பூச அவுரிப் பொடி வாங்குகிறார்களே, அது இந்த இரண்டாவது செடி. ஒன்றைக் குடித்தால் வயிறு போகும், மற்றதைத் தலையில் பூசுவார்கள். 'அவுரி இலை ஏற்றுமதி' என்று தமிழில் பேசுகிற இரண்டு பேர் இரண்டு செடியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கலாம்.

அறிவியல் பெயரும் முழுசாகக் காப்பாற்றாது. 'காசியா அங்கஸ்டிஃபோலியா' என்பது பழைய பெயர், வியாபாரத்தில் இன்றும் புழங்குகிறது. 'சென்னா அலெக்ஸாண்ட்ரினா' என்பது தாவரவியலாளர்கள் இப்போது ஏற்கிற பெயர். ஒரு தாளில் ஒன்று, இன்னொரு தாளில் மற்றது என்று வந்தால், செடி ஒன்றுதான் என்று வங்கிக்கு யார் சொல்வது? அதனால் ஒப்பந்தம் பேசும்போதே எந்தப் பெயர் என்று முடிவு செய்து, கடைசித் தாள் வரை அதையே பிடித்துக்கொள்ள வேண்டும். நான் பார்த்த கையேடு எதிலும் இது இல்லை.

செடியை இவ்வளவு மரியாதையாகப் பெயர் சொல்லி அழைக்கிற அந்தச் சான்றுக்கும் ஒரு மௌனம் உண்டு. சர்வதேச மாதிரிப் படிவத்தின் அடியில், விரும்பினால் சேர்த்துக்கொள்ளலாம் என்று ஒரு வாசகம் கொடுத்திருக்கிறார்கள். இந்தச் சான்றினால் எந்தப் பணப் பொறுப்பும் சான்று தந்த அமைப்பையோ அதிகாரிகளையோ சேராது என்பது அது. பார்த்தவரும் பொறுப்பில்லை, பார்க்காதவரும் பொறுப்பில்லை. சுற்றிச் சுற்றிப் பொறுப்பு கடைசியில் யார் தலையில் வந்து உட்காரும் என்பது கட்டின் மேலே இருக்கிற இன்வாய்ஸில், கையெழுத்துக்கு மேலே எழுதியிருக்கிறது.

தாளில் இல்லாதவர்

எல்லாத் தாளையும் மேஜையில் பரப்பி வைத்துவிட்டு நான் தேடியது ஒன்று. இலையை விளைவித்தவர் எங்கே? பிறப்பிடச் சான்றில் 'இந்தியா' என்று இருக்கிறது. இன்வாய்ஸில் அண்ணாச்சி. பகுப்பாய்வுச் சான்றில் ஒரு மாதிரி எண். விதைத்துப் பறித்தவர் எதிலும் இல்லை.

இது புதுப் பழக்கம் இல்லை. வியன்னாவில் ஒரு பாப்பிரஸ் இருக்கிறது. கி.பி. இரண்டாம் நூற்றாண்டு, கிரேக்க மொழி, 1985-ல் வெளியிட்டார்கள். முசிறி வணிகத்துக்காகக் கொடுத்த கடன் பற்றிய ஒப்பந்தம். சரக்கு செங்கடல் கரையில் இறங்கி, ஒட்டகத்தில் கோப்டோஸ் போய், நைல் நதி வழியாக அலெக்சாண்ட்ரியா போகும் வரை யார் முத்திரையின் கீழ் இருக்கும் என்று விவரமாகப் பேசுகிறது. கடன் கொடுத்தவரின் முத்திரைதான். இன்றைய வங்கி பி.எல்.லைப் பிடித்துக்கொண்டிருப்பது மாதிரியேதான். பின்பக்கத்தில் ஹெர்மாபோல்லோன் என்ற கப்பலின் சரக்கு மதிப்பு. நாலில் ஒரு பங்கு வரி. நார்த்த வேர், தந்தம் என்று பொருள்கள் உண்டு. அவற்றைத் தந்த ஊர்க்காரர் ஒருவர் பெயரும் இல்லை. இந்தப் பக்கம் பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கத்தில் பண்டங்களுக்குக் குத்துவது சோழனின் புலி முத்திரை. அரசன் இருக்கிறான், விளைவித்தவன் இல்லை.

பெயர் வேறு இடத்தில் இருந்தது. எகிப்தின் செங்கடல் கரையில் குசேர் அல்-காதிமில் கிடைத்த பானை ஓடுகளில் தமிழ்ப் பிராமியில் கணன், சாதன் என்று ஆள் பெயர்கள் கீறியிருக்கின்றன. தாளில் இடம் கிடைக்காதவர்கள் பானையில் எழுதினார்கள் என்று சொன்னால் அது ஆய்வாகாது, ஆசை. ஆனாலும் எது எந்தப் பரப்பில் எழுதப்படுகிறது என்பதைக் கவனிக்க வேண்டும் என்று அந்த ஓடுகள் சொல்கின்றன.

இப்போது ஒரு மாற்றம் வருகிறது. 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் காடழிப்புக்கு எதிராக ஒரு ஒழுங்குமுறை கொண்டுவந்தது. காபி, ரப்பர், கோக்கோ, மரம் முதலான ஏழு பண்டங்களுக்கு, அவை விளைந்த நிலத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை ஆறு தசம இடம் வரை கொடுக்க வேண்டும். அமலாகும் தேதி தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. சென்னா அந்தப் பட்டியலில் இல்லை. ஆனால் போக்கு புரிகிறது. முதல் முறையாக வயல் ஆவணத்துக்குள் வருகிறது, விவசாயியின் பெயராக இல்லை, சந்தேகிக்கப்படும் ஒரு புள்ளியாக. இதற்கான தாள்களை நாளை நிரப்பப் போவதும் அண்ணாச்சி மாதிரி ஆட்கள்தான். அப்போதும் நம்மிடம் இரண்டு வரிக் கையேடுதான் இருக்குமா?

என்ன மாதிரி கையேடு வேண்டும்

பட்டியல் போதும். எனக்கு வேண்டிய கையேட்டில் ஆவணம் ஒவ்வொன்றுக்கும் நாலு கேள்வி இருக்கும். இதில் பேசுவது யார்? கேட்பது யார்? எதைத் தெரியாது என்று சொல்கிறது? இதிலுள்ள ஒரு சொல் தப்பினால் பணம் யாருக்கு நிற்கும்? உண்மையான ஒரு எல்.சி.யை, பெயர்களை மறைத்துவிட்டு, வரி வரியாகத் தமிழில் விளக்க வேண்டும். 'எல்.சி. வந்த அன்றே வாசி, பொருந்தாத சொல் இருந்தால் சரக்கு ஏற்றுவதற்கு முன் திருத்தம் கேள்' என்பதை முதல் பக்கத்தில் போட வேண்டும். ஏற்றின பிறகு திருத்துவது பிச்சை கேட்பது மாதிரி.

அண்ணாச்சி அடுத்த கன்டெய்னருக்கு முன்னால் ஒரு நோட்டுப் போட்டிருக்கிறார். இடது பக்கம் எல்.சி. வாசகம், வலது பக்கம் ஒவ்வொரு தாளிலும் அது எப்படி வந்திருக்கிறது. பையன் எழுத எழுத, அவர் ஆங்கிலம் தெரியாமலே எழுத்தை எழுத்தாக ஒப்பிட்டுப் பார்க்கிறார். "அர்த்தம் நீ பாரு. உருவம் நான் பாக்கேன்" என்று மகனிடம் சொல்வதைக் கேட்டேன். வங்கியில் பரிசோதிக்கிறவரின் வேலையைப் பாதிக்கு மேல் அவர் புரிந்துகொண்டுவிட்டார்.

அந்த நோட்டின் அட்டைக்குள் ஒரு கட்டுச் சிட்டை செருகியிருந்தது. காட்டில் இருந்து மூட்டை வந்து இறங்கும்போது கடையில் எழுதுகிற துண்டுச் சீட்டு. தேதி, மூட்டை, எடை, விலை, மேலே கொண்டுவந்தவர் பெயரும் ஊரும். பென்சில் எழுத்து, தமிழில். இந்த ஏற்றுமதியில் விளைவித்தவர் பெயர் இருக்கிற தாள் அது ஒன்றுதான். எந்த வங்கியும் அதைக் கேட்கவில்லை. கணக்கு முடிந்ததும் கிழித்துப் போடுகிற சீட்டு அது. இந்த ஒரு கட்டைக் கிழிக்காமல் என்னிடம் கொடுங்கள் என்று கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன்.